விடை தெரிந்த தரவில் தொடங்குங்கள்: ராஷ், ஐஆர்டி மென்பொருள் கற்பது எப்படி?

கேள்வி இதுதான். ஆய்வு மாணவர் ஒருவரிடம் இரண்டு வகைத் தரவு இருக்கிறது. ஒன்று, 320 பேர் எழுதிய 40 கேள்விகள் கொண்ட கொள்குறித் தேர்வு. மற்றொன்று, அதே 320 பேர் நிரப்பிக் கொடுத்த ஐந்து புள்ளி மனப்பான்மைப் படிவம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் ஓரளவு பழக்கம். "ராஷ் செய்" என்கிறார் ஒருவர், "ஐஆர்டி இல்லாமல் ஆய்விதழ்கள் ஏற்காது" என்கிறார் இன்னொருவர். (ஒருவரின் திறனையும் கேள்வியின் தன்மையையும் வைத்து, அவர் சரியாகப் பதிலளிக்கும் வாய்ப்பைக் கணிக்கும் மாடல்களின் குடும்பம்தான் ஐஆர்டி. அதில் மிக எளிய மாடல் ராஷ்.) ராஷுக்கான வின்ஸ்டெப்ஸ் மென்பொருளை வாங்குவதா, ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மொழியைக் கற்பதா, எந்த வரிசையில் போவது என்று கேட்கிறார்.

எந்த மென்பொருளில் தொடங்கினாலும் பெரிய நஷ்டம் வராது. எந்தத் தரவில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் சொந்த ஆய்வுத் தரவை முதல் நாளே உள்ளே தள்ளாதீர்கள். அதற்குச் சரியான விடை என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனால் மென்பொருள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் நம்பிவிடத்தான் தோன்றும். விடை முன்பே தெரிந்த தரவை ஓட்டினால், வந்த எண் சரியா தவறா என்று நீங்களே சொல்லிவிடலாம். கற்றல் அங்கேதான் நடக்கிறது.

மென்பொருள் தேர்வை முதலில் முடித்துவிடுவோம், இதில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. வின்ஸ்டெப்ஸ் முழுக்க ராஷ் குடும்பத்துக்கென்றே மைக் லினாகர் எழுதியது. அட்டவணைகள் தயாராக வரும், கையேடு மிக விரிவானது. அதன் இலவசச் சிறு பதிப்பான மினிஸ்டெப் 25 கேள்விகள், 75 பேர் வரை ஏற்கும். பழகிப் பார்க்க அது தாராளமாகப் போதும். கட்டுரை திருத்துபவர்கள், நேர்காணல் நடுவர்கள் என மதிப்பிடுபவர்களின் கறார்த்தனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமானால் அவருடைய ஃபேசெட்ஸ் இருக்கிறது. கான்குவெஸ்ட் ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வு மன்றத்தின் தயாரிப்பு, பீசா போன்ற பெரிய பன்னாட்டுக் கல்வி மதிப்பீடுகளில் பயன்பட்டது. ஜமோவி, ஜாஸ்ப் இரண்டும் இலவசம், எஸ்பிஎஸ்எஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது. நம்பகத்தன்மை, காரணிப் பகுப்பாய்வு வரை வசதியாகப் போகலாம். ஆர் என்றால் மர்ட், டாம், ஈ-ஆர்எம், எல்டிஎம், சைக், லவான் என்று வேலைக்கு ஒரு பேக்கேஜ் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு) உண்டு. ஒரே ஓர் ஆய்வேட்டுக்கு மட்டும் ராஷ் வேண்டுமென்றால் வின்ஸ்டெப்ஸ் போதும். இந்தத் துறையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் ஆர் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் எரிச்சல் தரும். ஆனால் செய்த வேலை முழுவதும் ஒரு கோப்பில் எழுத்தாக நிற்கும். ஆறு மாதம் கழித்து வழிகாட்டி "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கும்போது அதன் அருமை தெரியும்.

சரி, விடை தெரிந்த தரவு எங்கே கிடைக்கும்? ஆரில் எல்டிஎம் பேக்கேஜோடு எல்சாட் என்றொரு தரவு வருகிறது. அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஒரு பகுதி. 5 கேள்விகள், 1000 பேர். 1970 முதல் அளவீட்டியலார் மாறி மாறிப் பயன்படுத்திய தரவு என்பதால் அதன் விடைகள் ஊரறிந்தவை. ஐந்து கேள்விகளுக்கும் சரியாக விடை அளித்தவர்கள் வரிசையாக 924, 709, 553, 763, 870 பேர்.

மென்பொருளைத் திறக்குமுன் கால்குலேட்டரை எடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியாகச் சொன்னவர்களைத் தவறாகச் சொன்னவர்களால் வகுத்து, இயல் மடக்கை எடுங்கள். முதல் கேள்விக்கு 924ஐ 76ஆல் வகுத்தால் சுமார் 12.16, மடக்கை 2.50. மற்றவை 0.89, 0.21, 1.17, 1.90. இதுதான் லாஜிட். எண் பெரிதாக இருந்தால் கேள்வி எளிது. குறியை மாற்றிக்கொண்டால் கடினநிலை. மூன்றாவது கேள்விதான் கடினமானது, அடுத்து இரண்டு, நான்கு, ஐந்து, கடைசியில் ஒன்று.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எந்தக் கேள்வியையும் விடாத தரவில், ராஷ் மாடல் கொடுக்கும் கடினநிலை வரிசை இந்த வரிசையேதான். இம்மி மாறாது. காரணம், அந்த மாடலில் ஒரு கேள்வியின் கடினநிலையைக் கணிக்கத் தேவையான தகவல் முழுவதும் எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற ஒற்றை எண்ணிலேயே இருக்கிறது. டேனிஷ் கணிதவியலார் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட நூலின் மையமே இந்தப் பண்புதான். அதேபோல ஒரே மொத்த மதிப்பெண் வாங்கிய இருவருக்கும் ஒரே திறன் மதிப்புதான் வரும், எந்தெந்தக் கேள்வியைச் சரியாகச் செய்தார்கள் என்பது பொருட்டில்லை. நீங்கள் ஓட்டிய ராஷ் முடிவில் வரிசை மாறியிருந்தால் தரவு தவறாக ஏறியிருக்கிறது, அல்லது நீங்கள் ஓட்டியது ராஷே இல்லை. இரண்டாவது அடிக்கடி நடக்கும். மர்ட் பேக்கேஜில் மாடல் வகையைச் சொல்லாமல் விட்டால், சரி/தவறு தரவுக்கு அது தானாகவே 2பிஎல் என்ற வேறு ஐஆர்டி மாடலை எடுத்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பாகுபாட்டுத் திறன் (திறன் கூடியவரையும் குறைந்தவரையும் பிரித்துக் காட்டும் வலு) உண்டு, அதனால் வரிசை மாறலாம்.

இப்போது அதே தரவை மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். எல்டிஎம்மின் ராஷ் கட்டளையை அப்படியே ஓட்டினால் முதல் கேள்வியின் கடினநிலை −3.62 என்று வரும். மர்ட்டில் ராஷ் என்று குறிப்பிட்டு ஓட்டினால் அதே கேள்விக்கு 2.73. ஈ-ஆர்எம்மில் அதே கேள்வி 1.26ஐ ஒட்டி நிற்கும். ஒரே தரவு, ஒரே மாடல் என்று பெயர், மூன்று வேறு எண்கள். கற்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு மென்பொருளில் கோளாறு என்று முடிவு கட்டி விலகுவது இந்த இடத்தில்தான். இதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முதலில் குறி. மர்ட் தரும் 2.73 கடினநிலை அல்ல, எளிமை. கடினநிலை வேண்டுமானால் குறியைத் திருப்ப வேண்டும். ஈ-ஆர்எம்மின் அந்த 1.26உம் எளிமைதான். எல்டிஎம் கடினநிலையையே தருகிறது.

அடுத்து அலகு. எல்டிஎம் எல்லாக் கேள்விகளுக்கும் பொதுவான ஒரு சரிவை, அதாவது பாகுபாட்டுத் திறனை, தரவிலிருந்து கணிக்கிறது, மனிதர்களின் திறன் பரவலை 1 என்று நிறுத்திவைக்கிறது. இந்தத் தரவில் அந்தச் சரிவு 0.755. மர்ட்டின் ராஷ் வகை சரிவை 1 என்று நிறுத்திவிட்டு, பரவலைக் கணிக்கிறது. 3.62ஐ 0.755ஆல் பெருக்குங்கள்: 2.73. முடிந்தது, இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது, பூஜ்ஜியம் எங்கே என்பது. மர்ட்டும் டாமும் இயல்பாக மனிதர்களின் சராசரித் திறனைப் பூஜ்ஜியம் என்று வைக்கின்றன. வின்ஸ்டெப்ஸும் ஈ-ஆர்எம்மும் கேள்விகளின் சராசரிக் கடினநிலையைப் பூஜ்ஜியம் ஆக்குகின்றன. மர்ட் தரும் ஐந்து எண்கள் 2.73, 1.00, 0.24, 1.31, 2.10. இவற்றின் சராசரி 1.48ஐ ஒட்டி வரும். ஒவ்வொன்றிலிருந்தும் அதைக் கழித்தால் முதல் கேள்விக்கு 1.25ஐ ஒட்டிய எண், அதாவது ஈ-ஆர்எம் சொன்னதற்குப் பக்கத்தில்.

எஞ்சியது கணிப்பு முறை. ஈ-ஆர்எம் நிபந்தனை மீப்பெரு நிகழ்தகவு முறையில் கணக்கிடுகிறது, மர்ட்டும் டாமும் விளிம்பு முறையில், வின்ஸ்டெப்ஸ் கூட்டு முறையில். முதல் இரண்டும் பெரும்பாலும் அக்கம்பக்கமாகவே வரும். கூட்டு முறை மட்டும் கேள்விகளைச் சற்று அதிகமாகப் பரப்பிக் காட்டும். சரி/தவறு தரவில் அந்த மிகை சுமாராக, கேள்வி எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுத்தால் வரும் மடங்கு. 5 கேள்விகளுக்கு அது 25 சதவீதத்தைத் தொடும், உங்கள் 40 கேள்விகளுக்கு இரண்டரை சதவீதம்தான். அதனால் 5 கேள்வித் தரவில் வின்ஸ்டெப்ஸை ஓட்டிவிட்டுப் பதற வேண்டாம், 40 கேள்வித் தரவில் இதைப் பற்றி யாராவது நீட்டி முழக்கினால் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எல்சாட் தரவில் இன்னொன்றும் இருக்கிறது. அதன் நம்பகத்தன்மை எண்ணான ஆல்ஃபா 0.295, ஆய்வேட்டில் எழுதக் கூசும் எண். ஆனால் அதே தரவு ராஷ் மாடலுக்கு நன்றாகவே பொருந்துகிறது! மாடலுக்குப் பொருந்துவது வேறு, ஒரு மனிதரை நம்பகமாக அளப்பது வேறு. ஐந்தே கேள்விகள், அதிலும் பெரும்பாலானவை எளிதானவை. ஆட்களைப் பிரித்துக் காட்ட அவற்றால் முடியவில்லை, அவ்வளவுதான். இதைப் பாடமாக நடத்தினால் மறந்துவிடும், இரண்டு எண்களும் ஒரே திரையில் வந்தால் மறக்காது.

அப்புறம், தரவை நீங்களே உருவாக்கப் பழகுங்கள். 500 பேர், 20 கேள்விகள், கடினநிலை −2 முதல் +2 வரை என்று நீங்களே நிர்ணயித்து, அதற்கேற்ற பதில்களைக் கணினியை உருவாக்கச் சொல்லலாம். திறனும் கடினநிலையும் சமமென்றால் சரியாகச் சொல்ல 50 சதவீத வாய்ப்பு. திறன் 1 லாஜிட் கூடுதலென்றால் 73, 2 லாஜிட் என்றால் 88, 3 என்றால் 95 சதவீதம். இதை வைத்து ஆரில் சில வரிகளில் எழுதிவிடலாம். பிறகு அதை ஓட்டிப் பார்த்து, நீங்கள் வைத்த எண்களே திரும்பி வருகின்றனவா என்று வரைபடம் போடுங்கள். அடுத்த சுற்றில் வேண்டுமென்றே கெடுங்கள்: ஒரு கேள்வியின் விடைக்குறிப்பை மாற்றுங்கள், கடைசிப் பத்துப் பேரை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்க வையுங்கள், இரண்டு கேள்விகளை ஒன்றுக்கொன்று நகலாக்குங்கள். ஒவ்வொரு கோளாறும் அட்டவணையில் எந்த முகத்தோடு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், உங்கள் சொந்தத் தரவில் அது வரும்போது அடையாளம் தெரியும். இதைவிடப் பயனுள்ள பயிற்சி எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இல்லை. பயிற்சிப் பட்டறைகளில் ஏன் இதைக் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

இனி உங்கள் 40 கேள்விகளுக்கு வரலாம். 1, 0 என்று மாற்றிய தாளை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் தேர்ந்தெடுத்த அ, ஆ, இ, ஈ அப்படியே உள்ள மூலத் தாளும் வேண்டும். பதில் அளிக்காத இடத்தை வெற்றாக விட்டீர்களா, 9 என்றோ 99 என்றோ போட்டீர்களா, பூஜ்ஜியம் போட்டுவிட்டீர்களா என்பதை எழுதி வையுங்கள். நேரமின்றிக் கடைசிக் கேள்விகளைத் தொடாதவருக்குப் பூஜ்ஜியம் போட்டால், கடைசிக் கேள்விகள் எல்லாம் கடினமானவை என்று மென்பொருள் பணிவோடு சொல்லிவிடும்.

வின்ஸ்டெப்ஸில் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்று எழுத வேண்டும். கேள்விகள் எந்தக் கட்டத்தில் தொடங்குகின்றன, மொத்தம் எத்தனை, பெயர் எந்தக் கட்டத்தில், செல்லுபடியாகும் குறிகள் எவை என்பவை அதில் இருக்கும். கட்டம் ஒன்று நகர்ந்தால், பதிவு எண்ணின் கடைசி இலக்கம் முதல் கேள்வியின் பதிலாகிவிடும். செல்லுபடியாகும் குறிகள் 0, 1 மட்டும் என்று சொல்லியிருந்தால் 2 முதல் 9 வரை எல்லாம் விடுபட்டவையாகக் கணக்காகும். எனவே 320 பேரில் 64 பேர் போலத்தான் முதல் கேள்விக்குப் பதில் சொன்னதாக அட்டவணை காட்டும். கேள்விவாரியாக எத்தனை பதில்கள் என்ற அந்தப் பத்தியை முதலில் பாருங்கள். பலர் நேராக ஃபிட் எண்களுக்கு, அதாவது பதில்கள் மாடலின் எதிர்பார்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்களுக்கு, தாவிவிடுகிறார்கள்.

அட்டவணையில் ஒரு வரியை எப்படிப் படிப்பது? 17ஆம் கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: கடினநிலை 1.62, திட்டப்பிழை 0.14, இன்ஃபிட் 1.05, அவுட்ஃபிட் 1.94 (இரண்டும் ஃபிட் எண்கள், 1 என்றால் எதிர்பார்த்தபடியே), மொத்தத்தோடு ஒட்டுறவு 0.14. கேள்வி கடினமானது. 320 பேருக்கு இந்தத் திட்டப்பிழை எதிர்பார்த்ததே. இன்ஃபிட் 1ஐ ஒட்டியிருக்கிறது, அதாவது இந்தக் கேள்வியின் மட்டத்தில் உள்ள மாணவர்கள் ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கிறார்கள். அவுட்ஃபிட் மட்டும் எகிறியிருக்கிறது. இந்தக் கேள்வியின் மட்டத்திலிருந்து தொலைவில் உள்ளவர்களின் எதிர்பாராத பதில்களால் அது எளிதில் கூடிவிடும். எனவே, மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த சிலர் இந்தக் கடினமான கேள்வியைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். கொள்குறித் தேர்வில் இது பெரும்பாலும் யூகம். விடைக்குறிப்பே தவறு என்றால் படம் வேறு மாதிரி இருக்கும்: ஒட்டுறவு எதிர்மறையாகும், முதல் மதிப்பெண்காரர்கள் கூட்டமாக ஒரே "தவறான" விடையில் நிற்பார்கள். மூலத் தாளை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

ஃபிட் எண் 0.5 முதல் 1.5 வரை இருந்தால் அளவீட்டுக்கு உதவும், 2ஐத் தாண்டினால் அளவீட்டையே கெடுக்கலாம் என்பது லினாகர் தரும் வழிகாட்டல். இதை ஒரு வாசல்படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1.5ஐத் தாண்டிய ஒவ்வொரு கேள்வியையும் நீக்கி, மறுபடி ஓட்டி, மறுபடி நீக்கி, எண்கள் அழகாகும்வரை அறுத்துக்கொண்டே போகும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கடைசியில் மிஞ்சுவது எதை அளக்கிறது என்று நீக்கியவருக்கே தெரியாது. முதலில் கேள்வியைப் படியுங்கள், பிறகு அந்த எதிர்பாராத பதில்களைக் கொடுத்த நான்கைந்து பேரின் தாளை எடுத்துப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தவருக்கு என்ன திறன் என்று சிலர் குழம்புகிறார்கள். கணக்குப்படி அது முடிவிலி. வின்ஸ்டெப்ஸ் அவருடைய மதிப்பெண்ணில் இயல்பாக 0.3ஐக் குறைத்து ஓர் எண்ணைக் கொடுக்கும். மற்றவை வேறு உத்திகளைக் கையாளும். மென்பொருள்களை ஒப்பிடும்போது இந்த ஓர ஆட்களைத் தனியே எடுத்துவிடுங்கள்.

யூகத்தையும் கணக்கில் சேர்க்கும் 3பிஎல் மாடல் வேண்டாம். 320 பேரை வைத்து யூக அளவையும் கணிக்கப் போனால், பல கேள்விகளில் மென்பொருள் தடுமாறும், அல்லது நம்ப முடியாத எண்ணை நம்பிக்கையோடு தரும். ராஷ் ஓட்டுங்கள், ஒப்பிட 2பிஎல் ஓட்டுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் ஒரே தாளை முழுதாக எழுதியிருந்தால், ராஷ் திறனும் மொத்த மதிப்பெண்ணும் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்லும். வேறு வேறு வினாத்தாள்களை இணைக்கும்போதும், ஒவ்வொருவருக்கும் தனித் திட்டப்பிழை வேண்டியிருக்கும்போதும்தான் இந்த உழைப்பு பலன் தரும். உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அது தேவையா என்று வழிகாட்டியிடம் பேசுங்கள்.

மனப்பான்மைப் படிவம் வேறு ஜாதி. அங்கே முதல் எதிரி எதிர்மறை வாக்கியங்கள். சைக் பேக்கேஜில் பிஎஃப்ஐ என்ற தரவு இருக்கிறது: 2800 பேர், ஆளுமை பற்றிய 25 வாக்கியங்கள். அதில் இணக்கப் பண்புக்கான ஐந்து வாக்கியங்களில் முதலாவது, பிறர் உணர்வுகளைப் பற்றித் தனக்கு அக்கறையில்லை என்பது. ஐந்தையும் அப்படியே ஆல்ஃபா கட்டளைக்குக் கொடுத்தால் 0.43 வரும். கூடவே, முதல் வாக்கியம் மொத்தத்தோடு எதிர்த்திசையில் போகிறது, திருப்ப வேண்டியிருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். திருப்பினால் 0.70. எச்சரிக்கை வரிகளைப் படிக்காமல் மேலே உள்ள பெரிய எண்ணை மட்டும் நகலெடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித் தரவு கிடையாது. தானாகத் திருப்பிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு, ஆனால் எதைத் திருப்புவது என்பதை வாக்கியத்தைப் படித்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்து காரணிப் பகுப்பாய்வு, அதாவது எந்தெந்த வாக்கியங்கள் ஒரே பண்பின் கீழ் சேருகின்றன என்று பார்ப்பது. லவான் பேக்கேஜின் ஹோல்சிங்கர்–ஸ்வைன்ஃபோர்டு தரவில் 301 மாணவர்கள், 9 சோதனைகள், மூன்று காரணிகள். அதன் முடிவுகள் கையேட்டிலேயே அச்சாகி இருக்கின்றன, உங்கள் திரையில் அதே எண்கள் வரும்வரை ஓட்டுங்கள். உங்கள் படிவத்துக்கு வரும்போது, பதில்கள் ஐந்து படிநிலைகள் என்பதால் அவை வரிசை மாறிகள் என்று லவானிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவற்றைத் தொடர் எண்களாக எடுத்துக்கொள்ளும். அதே 320 பேரை வைத்துக் காரணிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அதே 320 பேரை வைத்து அதை உறுதி செய்ததாகவும் எழுதாதீர்கள். படிவம் முன்பே ஒருவர் உருவாக்கியது, கட்டமைப்பு தெரியும் என்றால் நேராக உறுதிசெய்யும் பகுப்பாய்வுக்குப் போகலாம்.

படிவத்துக்கும் ராஷ் செய்ய நினைத்தால், எல்லா வாக்கியங்களுக்கும் ஒரே படி அமைப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஆண்ட்ரிச்சின் 1978 மாடலில் தொடங்குங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் படிகள் மாறலாம் என்னும் மாஸ்டர்ஸின் 1982 மாடல் பிறகு. ஓட்டிய உடன் ஒவ்வொரு படியிலும் எத்தனை பதில்கள் என்று எண்ணுங்கள். "முற்றிலும் மறுக்கிறேன்" என்பதை நான்கே பேர் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தப் படியின் எல்லைக் கணிப்பு காற்றில் ஆடும். பக்கத்துப் படியோடு சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம், சேர்த்ததை ஆய்வேட்டில் சொல்ல வேண்டும்.

எழுதும்போது மென்பொருளின் பெயர் மட்டும் போதாது. பதிப்பு எண், கணிப்பு முறை, பூஜ்ஜியம் எங்கே வைக்கப்பட்டது, விடுபட்ட பதில்கள் எப்படிக் கையாளப்பட்டன, கணிப்பு நிலைபெற்று நின்றதா என்ற ஐந்தையும் முறையியல் பகுதியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆர் என்றால் பேக்கேஜ் பதிப்புகளின் பட்டியலை அச்சிடும் கட்டளையைக் கோப்பின் கடைசி வரியாகப் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு பேக்கேஜைப் புதுப்பித்த பிறகு எண்கள் கொஞ்சம் நகர்ந்தால், எங்கே தேடுவது என்று அது காட்டும்.